லிச்சி பழுக்கும் காலத்தில் குழந்தைகள் இறந்தது எப்படி?

பீகார் மாநிலத்தில் முசாபர்பூர் என்று ஒரு ஜில்லா இருக்கிறது. லிச்சிப் பழத்துக்குப் பெயர் பெற்ற இடம். அங்கே கோடை காலம் வந்தால் தாய்மார்கள் நடுங்கினார்கள்.

இரவு நன்றாகத் தூங்கப் போன குழந்தை, விடியற்காலையில் வீல் என்று அலறும். கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கும். பிறகு நினைவு தப்பிவிடும். தாயும் தகப்பனும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். இப்படி ஓடியவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

ஏறத்தாழ 20 ஆண்டுகள் இந்த மர்மம் நீடித்தது. நோய்க்கு மூலம் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்தது எப்படி? கண்டுபிடித்த பிறகும், 2019-ம் ஆண்டில் அதே பகுதியில் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தது ஏன்?

விவரம் வருமாறு:-

காலண்டர் பார்த்து வந்த நோய்

1995-ம் ஆண்டில்தான் இந்த நோய் முதன்முதலாகப் பதிவாயிற்று. அதன் பிறகு கோடைதோறும் வந்தது. மே மாதம் நடுவில் தலை காட்டும். ஜூன் மாதத்தில் உச்சத்துக்குப் போகும். ஜூலையில் மழை பிடித்ததும் சொல்லி வைத்தாற்போல் மறைந்துவிடும்.

ஊர் மக்கள் இதற்கு "சம்கி புக்கார்" என்று பெயர் வைத்தார்கள். "புக்கார்" என்றால் இந்தியில் காய்ச்சல். "சம்கி" என்றால் உடம்பு வெட்டி இழுப்பது.

டாக்டர்கள் பல விதமாகச் சந்தேகப்பட்டார்கள். கொசுவினால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சலாக இருக்கலாம் என்றார்கள் சிலர். வெயில் கொடுமை என்றார்கள் வேறு சிலர். பழத் தோட்டங்களில் அடிக்கும் பூச்சி மருந்தின் மேல் சந்தேகம் விழுந்தது. லிச்சி தின்ன வரும் வவ்வால்களின் மேலும் விழுந்தது. ஈயம் போன்ற உலோகங்கள் உடம்பில் சேர்ந்துவிட்டனவோ என்றும் யோசித்தார்கள்.

ஒவ்வொன்றும் கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. மே, ஜூன் மாதங்களில் வெயிலும் உண்டு, கொசுவும் உண்டு, வவ்வாலும் உண்டு, பூச்சி மருந்தும் உண்டு. எல்லாமே ஒரே நேரத்தில் இருக்கும்போது, குற்றவாளி எது என்று எப்படிப் பிரிப்பது?

யார் நோயாளி?

2013-ம் ஆண்டில் டெல்லியில் உள்ள தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமும், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து விசாரணையில் இறங்கின.

ஒரு ஊரில் திடீரென்று பலருக்கு ஒரே மாதிரி நோய் கண்டால், சுகாதார அதிகாரிகள் முதலில் தண்ணீரைச் சோதிக்க ஓடுவதில்லை; ரத்தம் எடுக்கவும் ஓடுவதில்லை. முதல் வேலை, "யாரை நோயாளி என்று கணக்கில் எடுப்பது?" என்று முடிவு செய்வதுதான்.

முசாபர்பூரிலும் அப்படியே செய்தார்கள். வயது 15-க்குள் இருக்க வேண்டும். புதிதாக வலிப்பு வந்திருக்க வேண்டும், அல்லது புத்தி தடுமாறியிருக்க வேண்டும். ஊரில் உள்ள இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒன்றில் சேர்ந்திருக்க வேண்டும். இந்த அளவுகோலுக்குள் வரும் குழந்தைக்கு மட்டுமே பட்டியலில் இடம்.

இது குமாஸ்தா வேலை மாதிரி தோன்றும். ஆனால் விசாரணையின் அஸ்திவாரமே இதுதான். ஒரு டாக்டர் காய்ச்சல்காரக் குழந்தையைச் சேர்த்துக்கொண்டு, இன்னொரு டாக்டர் சேர்க்காமல் விட்டால் கணக்கு குழம்பிப் போகும். கணக்கு குழம்பினால் காரணமும் குழம்பும்.

பட்டியல் தயாராயிற்று. 2013-ம் ஆண்டு கோடையில் ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகள் 133. இறந்தவை 59. நூற்றுக்கு 44! வந்தவர்களில் பெரும்பாலோர் 5 வயதும் அதற்குக் கீழும் உள்ள சின்னஞ்சிறுசுகள்.

ஊருக்கு ஒரு குழந்தை

பட்டியலை வைத்துக்கொண்டு அதிகாரிகள் உட்கார்ந்து பார்த்தார்கள். எந்த ஊர், எந்த வீடு, எத்தனை மணிக்கு நோய் கண்டது என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். ஒரு விசித்திரம் தெரிந்தது.

பெரும்பாலும் ஒரு ஊரில் ஒரே ஒரு குழந்தைக்குத்தான் நோய் வந்திருந்தது. அதே வீட்டில் இருந்த அண்ணனுக்கு இல்லை. ஒரே பாயில் படுத்த தங்கைக்கும் இல்லை.

தொற்று நோய் இப்படி நடந்துகொள்ளாது. வீட்டில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டால், அடுத்த பிள்ளைக்கும் போடும். பக்கத்து வீட்டையும் எட்டிப் பார்க்கும். இந்த நோயோ ஊருக்கு ஒரு குழந்தையைப் பொறுக்கி எடுத்தது போல வந்தது.

இன்னொரு விசித்திரமும் இருந்தது. பெயர்தான் காய்ச்சல். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது 10 குழந்தைகளில் 6 குழந்தைகளுக்குக் காய்ச்சலே இல்லை. முதுகுத் தண்டு நீரை எடுத்துச் சோதித்தார்கள். கிருமி மூளையைத் தாக்கினால் அதில் அடையாளம் தெரியும். பெரும்பாலான குழந்தைகளிடம் அந்த அடையாளம் காணப்படவில்லை.

கிருமியின் மேல் இருந்த சந்தேகம் தளர்ந்தது. விஷத்தின் மேல் சந்தேகம் வலுத்தது.

ஒரு சொட்டு ரத்தம்

2013-ம் ஆண்டிலேயே ஒரு சின்னத் துப்பு கிடைத்திருந்தது. சோதித்துப் பார்த்த குழந்தைகளில் சிலருக்கு ரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்திருந்தது. நீரிழிவுக்காரர்களுக்குச் சர்க்கரை ஏறும். இங்கே தலைகீழ்!

மூளைக்குச் சர்க்கரைதான் ஆகாரம். அது கிடைக்காவிட்டால் மூளை தவித்துப் போகும். வலிப்பு வரும். நினைவு தப்பும். சிறிது நேரத்தில் உயிரே போய்விடும்.

அதனால் அடுத்த கோடைக்கு முன்னால் அதிகாரிகள் ஒரு யோசனை சொன்னார்கள். வலிப்போடு வரும் குழந்தைக்கு, வந்தவுடனே விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பாருங்கள். குறைவாக இருந்தால் உடனே ரத்தக் குழாயில் குளுக்கோஸ் ஏற்றுங்கள் என்றார்கள்.

நோய்க்கு மூலம் இன்னும் தெரியவில்லை. ஆனால் அது தெரியும் வரை குழந்தைகளைச் சாகவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை அல்லவா? விசாரணை ஒரு பக்கம், வைத்தியம் ஒரு பக்கம் என்று நடந்தது. இதுவே அந்த அதிகாரிகள் செய்த வேலைகளில் மிகப் பெரியது என்று சொல்ல வேண்டும்.

2014-ம் ஆண்டு கோடையில் நோய் முன்னை விடக் கடுமையாக வந்தது. 390 குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். 327 குழந்தைகளின் ரத்தம் சோதிக்கப்பட்டது. 204 குழந்தைகளுக்குச் சர்க்கரை குறைந்திருந்தது. அப்படிக் குறைந்திருந்தவர்களிடையே சாவு இரு மடங்காக இருந்தது.

அந்தக் கோடையில் இறந்த குழந்தைகள் 122. கொடுமையான கணக்குதான். ஆனாலும் முந்தைய ஆண்டில் நூற்றுக்கு 44 ஆக இருந்த சாவு, நூற்றுக்கு 31 ஆகக் குறைந்திருந்தது. குளுக்கோஸ் ஒன்றினால்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. அதற்கும் பங்கு உண்டு என்று டாக்டர்கள் நம்பினார்கள்.

நோய் வராதவர்களிடமும் விசாரணை

இப்போது முக்கியமான கட்டம்.

நோயாளிகளை மட்டும் விசாரித்தால் உண்மை வெளிவராது. "உங்கள் குழந்தை லிச்சி தின்றதா?" என்று கேட்டால், "ஆமாம், தின்றது" என்றுதான் தாய் சொல்வாள். ஜூன் மாதத்தில் முசாபர்பூரில் லிச்சி தின்னாத குழந்தை ஏது? சோறு தின்றதா என்று கேட்டாலும் ஆமாம் என்பாள். அதற்காகச் சோறு விஷமாகிவிடுமா?

எனவே, நோய் கண்ட 104 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். அதே ஆஸ்பத்திரிகளுக்கு வேறு நோய்க்காக வந்த, அதே வயதுள்ள 104 குழந்தைகளையும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கத்தாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள்.

நேற்று என்ன தின்றது? தோட்டத்துக்குப் போயிற்றா? பழுத்த பழமா, காயா? கழுவித் தின்றதா? ராத்திரி சாப்பிட்டதா? இப்படிக் கேள்விகள் போயின.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. முந்தைய 24 மணி நேரத்தில் லிச்சி தின்ற குழந்தைகளுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 10 மடங்கு இருந்தது. ராத்திரி சாப்பிடாமல் படுத்த குழந்தைகளுக்கு 2 மடங்கு. லிச்சி தின்றுவிட்டு, ராத்திரியும் சாப்பிடாமல் படுத்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

பூச்சி மருந்து? ரத்தத்திலும் சிறுநீரிலும் தேடினார்கள். அது காரணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஈயம், பாதரசம் போன்ற உலோகங்கள்? அவையும் இல்லை. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் முதலிய கிருமிகள்? அவையும் இல்லை. சந்தேகப் பட்டியலில் இருந்த பெயர்கள் ஒவ்வொன்றாக அடிபட்டன.

ஜமைக்காவில் கிடைத்த சாவி

லிச்சியில் அப்படி என்ன விஷம் இருக்கிறது?

தமிழ்நாட்டில் பலர் லிச்சியைப் பார்த்திருக்க மாட்டார்கள். எலுமிச்சைக்குச் சற்றுச் சிறிய பழம். கொத்துக் கொத்தாகக் காய்க்கும். சிவப்புத் தோலை உரித்தால் உள்ளே நுங்கு மாதிரி வெள்ளைச் சதை இருக்கும். தித்திப்பானது. அந்த மரம் பூந்திக்கொட்டை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது.

அதே குடும்பத்தில் இன்னொரு மரமும் இருக்கிறது. அதன் பெயர் அக்கி. மேற்கு இந்தியத் தீவுகளில் ஒன்றான ஜமைக்காவின் தேசியப் பழம் அது. பழுக்காத அக்கியைத் தின்றவர்கள் வாந்தி எடுத்து, வலிப்பு வந்து, மயங்கி விழுந்து இறந்து போனார்கள். அதற்கு "ஜமைக்கா வாந்தி நோய்" என்றே பெயர். 1954-ம் ஆண்டில் அந்தப் பழத்தில் உள்ள நஞ்சை விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தார்கள். "ஹைப்போகிளைசின்" என்று பெயர் வைத்தார்கள். சர்க்கரையைக் குறைப்பது என்று பொருள். 1962-ம் ஆண்டில், அதற்கு நெருங்கிய உறவான ஒரு நஞ்சு லிச்சிக் கொட்டையிலும் கண்டுபிடிக்கப்பட்டது.

ஆக, விடையின் ஒரு பாதி 1962-ம் ஆண்டிலிருந்தே விஞ்ஞானப் புத்தகங்களில் தூங்கிக்கொண்டிருந்தது. முசாபர்பூரோடு அதை முடிச்சுப் போட ஆள் இல்லை.

முடிச்சுப் போட்டவர்களில் முக்கியமானவர் டாக்டர் ஜேக்கப் ஜான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கிருமிகளைப் பற்றி ஆராய்வதில் பெரிய நிபுணர். கிருமி நிபுணரே "இது கிருமி வேலை அல்ல, நஞ்சின் வேலையாக இருக்கலாம்" என்று சொன்னார் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். லக்னோவில் உள்ள நஞ்சியல் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி முகுல் தாசுடன் சேர்ந்து 2014-ம் ஆண்டில் இதை எழுதினார். முசாபர்பூர் குழந்தை டாக்டர் அருண் ஷாவும் அவரோடு சேர்ந்து உழைத்தார்.

டெல்லி, அமெரிக்க அதிகாரிகளும் அதே திசையில் தேடினார்கள். 73 நோயாளிக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்தார்கள். 48 குழந்தைகளின் சிறுநீரில் அந்த நஞ்சின் அடையாளம் இருந்தது. ஒப்பிடுவதற்காகச் சோதித்த 15 குழந்தைகளின் சிறுநீரில் ஒன்றில் கூட இல்லை. லிச்சிப் பழங்களையும் சோதித்தார்கள். பழத்தை விடக் காயில் நஞ்சு அதிகமாக இருந்தது.

இந்த முடிவுகள் 2017-ம் ஆண்டில் வெளியாயின.

ஏழைக் குழந்தைக்கு மட்டும் ஏன்?

லிச்சியைப் பணக்காரக் குழந்தையும் தின்கிறது. பாட்னாவிலும் தின்கிறார்கள், டெல்லியிலும் தின்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே! ஏன்?

காரணம் கல்லீரலில் இருக்கிறது. வயிறார உண்ட குழந்தையின் கல்லீரலில், பத்தாயத்தில் நெல் மாதிரி, சர்க்கரை சேமித்து வைக்கப்பட்டிருக்கும். இரவில் தூங்கும்போது உடம்பு அதிலிருந்து எடுத்து எடுத்துச் செலவழிக்கும். ஊட்டம் இல்லாத குழந்தையின் பத்தாயத்தில் நெல் கொஞ்சம்தான் இருக்கும். ராத்திரியும் பட்டினி கிடந்தால் விடிவதற்குள் அது காலியாகிவிடும்.

அப்போது உடம்பு கொழுப்பைக் கரைத்துச் சமாளிக்கப் பார்க்கும். புதிதாகச் சர்க்கரை தயாரிக்கவும் பார்க்கும். லிச்சியில் உள்ள நஞ்சு அங்கேதான் குறுக்கே நிற்கிறது. அவசரத்துக்குப் பெட்டியைத் திறக்கப் போனால், சாவியை ஒடித்துப் போட்டுவிடுகிறது. சர்க்கரை சரசரவென்று இறங்குகிறது. அதனால்தான் நோய் விடியற்காலையில் வந்தது!

அந்த ஊர்களில் கூலிக்காரக் குடும்பங்களின் குழந்தைகள் பகல் முழுவதும் தோட்டங்களில் திரிவார்கள். கீழே விழுந்த காயையும் பழத்தையும் பொறுக்கித் தின்பார்கள். மாலையில் வீடு திரும்பும்போது பசி இருக்காது. சாப்பிடாமலே படுத்துவிடுவார்கள். வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிந்ததோ, இல்லையோ!

பெற்றோர் விவரித்த இந்தப் பழக்கத்தைக் கேட்ட பிறகு, ஊருக்கு ஒரு குழந்தை என்ற விசித்திரத்துக்கும் பொருள் விளங்குகிறது. காய் தின்றது, ராத்திரி சாப்பிடாதது, உடம்பில் சத்து இல்லாதது ஆகிய மூன்றும் ஒரே நாளில் ஒரே குழந்தைக்குச் சேர வேண்டும். சேர்ந்த இடத்தில்தான் சாவு வந்தது.

தோட்டக்காரர்களின் கோபம்

லிச்சி விவசாயிகளுக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. பிடிக்காததில் ஆச்சரியமும் இல்லை. ஆண்டில் சில வாரங்கள்தான் அறுவடை. அந்தச் சில வாரங்களில் "லிச்சியில் விஷம்" என்று செய்தி பரவினால் குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துவிடும்.

விஞ்ஞானிகள் சிலரும் கேள்வி எழுப்பினார்கள். நோய் கண்ட குழந்தைகள் எல்லாரும் லிச்சி தின்றவர்கள் அல்லவே என்றார்கள். கடும் வெயிலுக்கும் பங்கு இருக்கலாம் என்றார்கள். அது நியாயமான கேள்வி. 73 குழந்தைகளில் 48 பேரிடம் நஞ்சு இருந்தது என்றால், 25 பேரிடம் தென்படவில்லை என்றும் அதற்குப் பொருள் உண்டு. வலிப்போடு வரும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே காரணம் என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் சண்டை பழத்தைப் பற்றியே நடந்ததில் ஒரு கெடுதல் விளைந்தது. லிச்சி குற்றவாளியா, இல்லையா என்று வாதம் செய்தவர்கள், குழந்தை ஏன் பட்டினியாகப் படுத்தது என்பதை மறந்துவிட்டார்கள்.

விடை கிடைக்காத ஊர்கள்

முசாபர்பூரில் விடை கிடைத்தது. எல்லா ஊர்களுக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடையாது. முக்கியமாகப் புற்றுநோய் விஷயத்தில் கிடையாது.

லிச்சி நஞ்சு ஒரே இரவில் வேலை செய்கிறது. நேற்றுத் தின்றது என்ன என்று கேட்டால் தாய் சொல்லிவிடுவாள். புற்றுநோயோ பல ஆண்டுகள் ஒளிந்திருந்து வெளியே வருகிறது. 10 ஆண்டுக்கு முன்னால் எந்தத் தண்ணீர் குடித்தாய் என்றால் யார் என்ன சொல்ல முடியும்?

இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு பிடி கேழ்வரகைத் தரையில் இறைத்தால் ஒரே சீராகவா விழும்? ஓர் இடத்தில் பத்து மணி சேர்ந்து கிடக்கும். இன்னோர் இடம் வெறுமையாக இருக்கும். புற்றுநோயும் தற்செயலாகவே ஒரு தெருவில் நாலைந்து பேருக்கு வந்துவிடலாம். சேர்ந்து கிடப்பதைப் பார்த்த பிறகு அதைச் சுற்றிக் கோடு போட்டு, "இங்கே ஏதோ இருக்கிறது" என்று சொல்வது சுலபம். அது தற்செயலா, நிஜமா என்று பிரிப்பதுதான் கஷ்டம்.

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் டாம்ஸ் ரிவர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1952-ம் ஆண்டில் ஒரு பெரிய சாயத் தொழிற்சாலை வந்தது. 1971-ம் ஆண்டில் வேறொரு கம்பெனியின் ரசாயனக் கழிவுப் பீப்பாய்கள் ஒரு பண்ணை நிலத்தில் கொட்டப்பட்டன. விஷம் மண்ணில் இறங்கி, ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் கிணறுகளை எட்டியது.

பக்கத்து மாநிலத்தின் பிலடெல்பியா நகரில் உள்ள குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு நர்சுக்குத்தான் முதலில் சந்தேகம் தட்டியது. புற்றுநோயோடு வரும் குழந்தைகளில் பலர் ஒரே ஊர்க்காரர்களாக இருக்கிறார்களே என்று அவர் யோசித்தார். 1996-ம் ஆண்டில் விஷயம் வெளியே வந்து பரபரப்பாயிற்று.

அதிகாரிகள் கணக்குப் பார்த்தார்கள். 1979 முதல் 1995 வரை அந்தப் பகுதியில் 90 குழந்தைகளுக்குப் புற்றுநோய் வந்திருந்தது. அவ்வளவு ஜனத்தொகையுள்ள ஊரில் சாதாரணமாக 67 பேருக்கு வரலாம் என்று கணக்கு சொன்னது. "வர வேண்டியது 67" என்று காகிதத்தில் எழுதுவது எளிது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் அதைப் படித்துக் காட்டுவது எளிதல்ல.

விசாரணை 2003-ம் ஆண்டு வரை நடந்தது. 1962-ம் ஆண்டிலிருந்து எந்தக் கிணற்றுத் தண்ணீர் எந்த மாதத்தில் எந்தத் தெருக் குழாய்க்குப் போயிற்று என்பதைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கண்டுபிடித்தார்கள். அசாத்தியமான உழைப்பு! கடைசியில் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: தாய் கர்ப்பமாக இருந்தபோது அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்திருந்தால், பெண் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வருவதற்கும் அதற்கும் தொடர்பு காணப்படுகிறது. ஆண் குழந்தைகளிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. விசாரணை முடியுமுன்பே, 2001-ம் ஆண்டில், 69 குடும்பங்களோடு கம்பெனிகள் சமரசம் செய்துகொண்டன. எவ்வளவு பணம் என்பது ரகசியமாக வைக்கப்பட்டது.

இதுவாவது பரவாயில்லை. அமெரிக்காவில் ஏறத்தாழ 20 ஆண்டுகளில் நடந்த 428 புற்றுநோய் விசாரணைகளை அலசி, 2012-ம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. அவற்றில் மக்கள் சந்தேகப்பட்ட புற்றுநோய்களின் எண்ணிக்கை 567. நோய் உண்மையாகவே அதிகம் என்று உறுதியானவை 72. சந்தேகப்பட்ட பொருளோடு தொடர்பு காணப்பட்டவை 3. தெளிவாகக் காரணம் தெரிந்தது ஒன்றே ஒன்று!

"காரணம் தெரியவில்லை" என்று அதிகாரிகள் சொன்னால், எதையோ மூடி மறைக்கிறார்கள் என்று மக்கள் நினைக்கிறார்கள். சில ஊர்களில் மறைத்ததும் உண்டு. ஆனால் பெரும்பாலும் அவர்கள் கையில் நிஜமாகவே விடை இருப்பதில்லை.

விடை தெரிந்தும் வந்த சாவு

அதனால்தான் 2019-ம் ஆண்டில் முசாபர்பூரில் நடந்ததை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. அங்கே விடை கையில் இருந்தது.

2014-ம் ஆண்டுக்குப் பிறகு அதிகாரிகள் கிராமங்களுக்குச் சொன்ன யோசனைகள் மிகவும் எளிமையானவை. குழந்தைகளை ராத்திரி பட்டினியாகப் படுக்கவிடக் கூடாது. லிச்சியை அளவோடு கொடுக்க வேண்டும். காயைத் தின்னவிடக் கூடாது. வலிப்பு கண்டால் உடனே குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். அதன்படி நடந்த ஆண்டுகளில் நோய் வெகுவாகக் குறைந்தது.

குறைந்ததும் எச்சரிக்கையும் குறைந்தது. 2019-ம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் பார்லிமெண்டுத் தேர்தல் நடந்தது. தேர்தல் வேலையில் கிராமப் பிரசாரம் கைவிடப்பட்டது என்று குற்றச்சாட்டு எழுந்தது. ஜூன் மாதத்தில் வெயில் கொளுத்தியது. முசாபர்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வந்து குவிந்தார்கள். ஒரே கட்டிலில் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்தினார்கள். அந்தக் கோடையில் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். ஜூன் 24-ந் தேதி, மத்திய அரசுக்கும் பீகார் அரசுக்கும் சுப்ரீம் கோர்ட்டு நோட்டீசு அனுப்பியது.

டாக்டர்கள் சொன்ன குறை வேறு ஒன்று. பல குழந்தைகள் பல மைல் தூரம் கடந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சர்க்கரை இறங்கிய பிறகு மூளை தாங்குவது சில மணி நேரம்தான். வழியில் உள்ள சிறிய ஆஸ்பத்திரியிலேயே குளுக்கோஸ் ஏற்றி அனுப்பியிருந்தால் பிழைத்திருக்கும் குழந்தைகள், வண்டி பிடித்து வந்து சேர்வதற்குள் கைமீறிப் போயின.

அடுத்த ஆண்டு, 2020 ஜூன் மாதத்தில், முசாபர்பூரில் குழந்தைகளுக்கென்றே 100 படுக்கைகள் கொண்ட தீவிர சிகிச்சைப் பிரிவு திறக்கப்பட்டது. அதற்குப் பின் வந்த கோடைகளில் 2019-ம் ஆண்டைப் போன்ற கொத்துக் கொத்தான சாவு நேரவில்லை.

கிராமத்துச் சிறிய ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியவை சர்க்கரை பார்க்கும் ஒரு சிறு கருவி, குளுக்கோஸ் பாட்டில், அதை ஏற்றத் தெரிந்த ஒரு நர்ஸ். சோதனைக்கு ஒரு சொட்டு ரத்தம் போதும். ஒரு நிமிஷத்தில் முடிவு தெரிந்துவிடும்.